24 கிராம் எப்படி 64 கிலோ ஆனது?

சுங்கை சிப்புட்டிலிருந்து, யமஹா எல்சி 135 மோட்டார்சைக்கிள் ஓட்டும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, எல்சி 135-க்கு 62 பிளாக் போட்டேன். நல்லா இழுக்குது. ஆனா 80-ஐத் தாண்டினா கண்ணாடியில பின்னாடி வர்ற செம்பனை லோரி மூணா தெரியுது, கை மரத்துப்போகுது. பேலன்ஸ் போயிருச்சுங்கிறார் போர்மன். கண்ணு பட்டிருச்சுன்னு அம்மா எலுமிச்சம்பழம் கட்டிவிட்டிருக்காங்க. எது சரி?"

எலுமிச்சம்பழம் ஹேண்டிலில்தானே தொங்குகிறது, இருந்துவிட்டுப் போகட்டும். போர்மன் (பட்டறை மெக்கானிக்) சொன்னதுதான் சரி.

அந்த இன்ஜினின் கம்பெனி பிஸ்டன் 54 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 58.7. 62 பிளாக், அதாவது 62 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கான பெரிய சிலிண்டர், போட்டால் 134 சிசி 177 ஆகிவிடும். வெடிப்பு பலமானதால்தான் அதிர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெடிப்பு சிலிண்டரின் மூடியான ஹெட்டை எவ்வளவு மேலே தள்ளுகிறதோ, அவ்வளவே பிஸ்டன் வழியாகக் கிராங்கை (பிஸ்டனின் போய்வரவைச் சுழற்சியாக்கும் தண்டை) கீழே தள்ளுகிறது. இரண்டும் ஒரே இன்ஜினுக்குள் என்பதால் பெரும்பாலும் அங்கேயே கழிந்துவிடும். இங்கே வண்டியைக் குலுக்குவது பிஸ்டனின் எடை.

போர்மனிடம் அதே கிட் ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதன் பிஸ்டனையும் பழைய பிஸ்டனையும், பிஸ்டன் பின், ரிங் எல்லாம் சேர்த்து, பட்டணத்து நகைக்கடைத் தராசில் வைத்தோம். வித்தியாசம் 24 கிராம். "மூணு பவுன்" என்றார் கடைக்காரர்.

மூன்று பவுன் என்ன செய்யும்? நிமிடத்துக்கு 9000 சுற்றில் பிஸ்டன் விநாடிக்கு 300 முறை நின்று திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 2650 மடங்கு. ஆக, 24 கிராம் ஏறக்குறைய 64 கிலோவாக இழுக்கும். வளர்ந்த ஓர் ஆளின் எடை! பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்வதால் மேல்முனையில் இன்னும் கூடுதல். சுற்று பாதியானால் இழுவை கால்வாசியாகிவிடும். அதனால்தான் ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் கண்ணாடித் தண்டின் சொந்த அதிர்வும் இதோடு சேர்ந்துகொள்ளும். அப்போதுதான் ஒரு லோரி மூன்றாகிறது.

சரி, கிராங்கில்தான் எதிர்எடை இருக்கிறதே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிஸ்டன் மேலே போகும்போது எதிர்எடை கீழே வந்து அதைச் சமன் செய்கிறது. ஆனால் பிஸ்டன் நேர்க்கோட்டில் மட்டும் போய்வரும், எதிர்எடையோ வட்டமடிக்கும். பாதி வழியில் பிஸ்டனின் இழுப்பு ஏறக்குறைய இல்லை. அந்த நேரம் எதிர்எடை பக்கவாட்டில் நிற்கிறது, அதைத் தடுக்க ஆளில்லை. பிஸ்டனின் முழு எடைக்கும் எதிர்எடை வைத்தால், மேல்கீழ்க் குலுக்கல் அப்படியே பக்கவாட்டுக் குலுக்கலாக மாறும், அவ்வளவுதான். (சிலிண்டர் சாய்ந்திருக்கும் வண்டியில் மேல்கீழ் என்பதைச் சிலிண்டர் போகும் திசை என்று படிக்கவும்.)

அதனால் பாதிக்குப் பக்கமாக வைப்பார்கள். சரியாகப் பாதி வைத்தால் ஓர் அழகு நடக்கும். மிஞ்சும் விசை அளவு மாறாமல், கிராங் சுற்றும் திசைக்கு நேர் எதிராகச் சுற்றும்! தாளில் சைன், கொசைன் போட்டுப் பாருங்கள், இரண்டு வரியில் வந்துவிடும். பேலன்சர் ஷாஃப்ட் உள்ள இன்ஜின்களில் அந்தத் தண்டு கிராங்குக்கு எதிராகச் சுற்றுவது இந்த மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளத்தான். நம் தம்பியின் வண்டியில் கூடிய 24 கிராம் எந்த எதிர்எடைக் கணக்கிலும் வரவில்லை. மிஞ்சும் விசை சுற்றும் அந்த வட்டம் சிலிண்டர் திசையில் முட்டையாக நீண்டுவிட்டது.

படிவம் நான்கில் மையநோக்கு விசையைப் பாடமாக எடுக்கிறோம். ஒரு பழைய கிராங்கை வகுப்புக்குக் கொண்டுவர எத்தனை வெள்ளி ஆகும்? ஆய்வுக்கூடத்துக்குக் காசில்லை என்று சொல்லும் பள்ளிக்குப் பக்கத்துப் பட்டறை இனாமாகவே கொடுக்கும்.

திருத்த வழி உண்டு. கிராங்கைக் கழற்றி, இரண்டு கத்திமுனைகள்மேல் படுக்கவைத்து, ராடின் சிறுமுனையில் (பிஸ்டன் மாட்டும் முனையில்) கணக்கிட்ட எடையைத் தொங்கவிட வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் உருளாமல் நின்றால் சரி. ராட் மாட்டியிருக்கும் பக்கம் கீழே வரும்படி உருண்டால், அந்தப் பக்கத்தில் கிராங்கின் தட்டைத் துளைத்து இரும்பை எடுப்பார்கள். அது எதிர்எடையைக் கூட்டியதற்குச் சமம். 24 கிராமில் பாதிக்கு, கிராங் பின் (ராட் மாட்டும் அச்சு) அருகே ஏறக்குறைய ஒன்றரை கன சென்டிமீட்டர் இரும்பு போகும். அப்புறம் கிராங் கோணாமல் நேராக இருக்கிறதா என்பதையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

இவ்வளவுக்கு மனமில்லை என்றால், லேசான பிஸ்டனும் பின்னும் தேடலாம். அகலமான பிஸ்டன் கனமாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. வாங்குவதற்கு முன்பே கிட்டை நகைக்கடைக்கு எடுத்துப்போங்கள். பவுன் கணக்கில் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.