டி. விரீஸின் அப்பா பெயர் என்ன?

"மாமா, டி. விரீஸ்னு போட்டிருக்கே, இவரோட அப்பா பேரு என்ன?" உயிரியல் நோட்ஸும் கையுமாக வந்து அக்கா மகள் கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. 'டி'க்குப் பக்கத்தில் மிளகு சைஸில் ஒரு புள்ளி. நம் ஊரில் எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி என்றால் அது அப்பாதானே! இந்தப் புள்ளியை எத்தனை கைடுகளில் பார்த்துவிட்டேன்.

'டி' இனிஷியலே இல்லை. டச்சு மொழியில் அது ஆங்கிலத்தின் 'தி' மாதிரி ஒரு முன்னொட்டு. விரீஸ் என்றால் ஃபிரீஸ்லாந்துக்காரர். நெதர்லாந்தின் வடக்கில், தனக்கென ஒரு மொழியே வைத்திருக்கும் மாகாணம் அது. பால் சொசைட்டிப் பக்கம் போனால் கறுப்பு வெள்ளையாக நிற்கிற எச்.எஃப். மாட்டில் 'எஃப்' இருக்கிறதே, ஃபிரீசியன், அதுவும் அதே மண்தான். மதுரைக்குள் யாரும் யாரையும் மதுரைக்காரர் என்று கூப்பிடுவதில்லை. ஊரை விட்டு வெளியே வந்தவருக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். ஃபிரீஸ்லாந்தின் லேவார்டனில் பிறந்து, இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் வேலை பார்த்த 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹான்ஸ் விரெடமன் டி விரீஸுக்கு ஒட்டியதைப்போல.

நோட்ஸில் இருப்பவர் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் (1848–1935). ஹில்வெர்சம் அருகே, கைவிடப்பட்ட உருளைக்கிழங்கு வயலில் மண்டிக்கிடந்த ஈனோதீரா செடிகளைப் பார்த்து, புதுப் பண்புகள் திடீரெனத் தோன்றும் என்கிற சடுதிமாற்றக் கொள்கையை எழுப்பியவர். 'ஜீன்' என்ற சொல்லே அவர் புழங்கிய 'பேன்ஜீன்' என்பதை 1909இல் டென்மார்க் தாவரவியலாளர் யோஹான்சன் நறுக்கியதில் கிடைத்ததுதான். இவ்வளவு செய்தவருக்கு நாம் கொடுத்தது ஒரு புள்ளி.

புள்ளியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'பிரீசியனார்' என்று எழுதச் சொல்கிறார். நன்னூல் சொல்லும் இடப்பெயர்தானே, சோழியன் மாதிரி, என்கிறார். பொருள் சொல்ல அது சரி. பெயராக எழுதச் சரியில்லை. 1982இல் அமெரிக்காவில் பார்னி கிளார்க்குக்குச் செயற்கை இதயம் பொருத்திய டாக்டர் வில்லியம் டிவிரீஸ் புரூக்ளினில் பிறந்தவர். அவரைப் பிரீசியனார் என்றால் மாடு மேய்க்க வந்தவர் என்றல்லவா நினைப்பார்கள்? பழனிச்சாமி என்ற பெயரை எவனாவது மொழிபெயர்த்து எழுதினால் விடுவோமா? இன்னொரு கோஷ்டி, முன்னொட்டுதானே என்று 'டி'யை வெட்டி 'விரீஸ் கொள்கை' என்கிறது. குடும்பப் பெயர் முழுசாக 'டி விரீஸ்'. அகராதி வரிசைப்படுத்தும்போது மட்டும் டச்சுக்காரர்கள் 'வி'யில் தேடுவார்கள். கூப்பிடும்போது 'டி'யை விடமாட்டார்கள்.

ஆக, புள்ளியில்லாமல் இரண்டு சொல்லாக 'டி விரீஸ்'. பொருள் கேட்டால் ஃபிரீஸ்லாந்துக்காரர்.

அக்கா மகள் ஒயிட்னர் வைத்துப் புள்ளியை அழித்தாள். அப்படியே வேதியியல் நோட்ஸைப் புரட்டினால், வான் டெர் வால்ஸ் என்று மூன்று சொல்லாக நிற்க வேண்டிய இன்னொரு டச்சுக்காரரை இடைவெளியே இல்லாமல் 'வாண்டர்வால்ஸ்' என்று நசுக்கி வைத்திருக்கிறார்கள்.