மணிச்சத்து ஏன் கணினிக்கு எளிதில் பிடிபடுவதில்லை?

மண் பரிசோதனையில் ‘மணிச்சத்து குறைவு’ என்று வந்தால், நிலத்தில் பாஸ்பரஸே இல்லை என்று அர்த்தமில்லை. நிறையவே இருக்கலாம். புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வேருக்குக் கிடைப்பது சொற்பம்தான்.

அந்தச் சொற்பத்தை அளக்க ஆய்வகங்களில் ஓல்சன் முறை உண்டு. மண்ணை சோடியம் பைகார்பனேட் கரைசலில் போட்டு அரை மணி நேரம் குலுக்கி வடிகட்டுவார்கள். அப்புறம் மாலிப்டேட்டும் வேறு சில வேதிப்பொருள்களும் சேர்த்தால் நீல நிறம் எழும். நீலம் அடர அடர மணிச்சத்து அதிகம். அழகான முறை, ஆனால் ஒவ்வொரு வயலுக்கும் செய்து மாளாது. 2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்றுதான் வைத்தார்கள். நடுவில் இருக்கும் வயல்களுக்கு?

இங்கேதான் இயந்திரக் கற்றல் வருகிறது. அதிகம் புழங்கும் முறை, புள்ளியியலாளர் லியோ பிரெய்மன் 2001-இல் விவரித்த ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’. ஆய்வக முடிவு கைவசமுள்ள இடங்களின் மழையளவு, சரிவு, உயரம், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நிறம் எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுக்கிறோம். மழை இந்த அளவுக்கு மேலா, சரிவு இதைவிடக் குறைவா என்று கேள்விகளை அதுவே தேர்ந்தெடுத்து, மாதிரிகளைக் கிளை கிளையாகப் பிரிக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான மரங்கள். ஒவ்வொன்றும் தரவிலிருந்து குலுக்கி எடுத்த வேறொரு பகுதியில் பயின்றது. மாதிரி எடுக்காத வயலுக்கு இவையெல்லாம் சொல்லும் மதிப்புகளின் சராசரிதான் விடை.

ஆப்பிரிக்கா முழுமைக்கும் இந்த வகை முறைகள் சிலவற்றைச் சேர்த்து 2021-இல் 30 மீட்டர் நுணுக்கத்தில் மண் வரைபடம் போட்டார்கள். சுமார் 1,50,000 மாதிரிகள். கணிப்பு ஆய்வக அளவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற மதிப்பெண் (முழுப் பொருத்தம் என்றால் 1) கார அமில நிலைக்கு 0.90. மணிச்சத்துக்கோ சுமார் 0.65.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. கார அமில நிலையைப் பெரிதும் தீர்மானிப்பவை மழையும் அடிப்பாறையும். இரண்டுக்கும் வரைபடம் இருக்கிறது. மணிச்சத்தோ, அந்த வயல்காரர் கடந்த சில ஆண்டுகளில் மணிச்சத்து தரும் டிஏபி உரம் எத்தனை மூட்டை போட்டார் என்பதையும் பொறுத்தது. அது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம். இத்தகைய ஆய்வுகளில் ‘95 சதவீதத் துல்லியம்’ என்று பார்த்தால் நான் முதலில் தேடுவது, சோதனை மாதிரிகள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான். பயிற்சிக்கு எடுத்த வயலின் பக்கத்து வயலிலேயே சோதித்தால் மதிப்பெண் தானாக ஏறும். அது பார்த்து எழுதிய பரீட்சை. ஒரு வட்டாரத்தையே முழுசாக ஒதுக்கிவைத்துச் சோதிக்க வேண்டும். ஆப்பிரிக்க வரைபடத்துக்கு அப்படி இடம் பிரித்துத்தான் சோதித்தார்கள்.

சரி, மணிச்சத்தில் சறுக்கும் கருவியால் என்ன பயன்? மரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களையும் அதே மாடல் காட்டிக்கொடுக்கிறது. அடுத்த மண் மாதிரிக்கு மண்வெட்டியை அங்கே கொண்டுபோகலாம்.