நூற்றுக்கு நூற்றைந்து

மனிதர் குறுக்கிடாத வரையில், 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. நாட்டுக்கு நாடு 103 முதல் 107 வரை சற்று மாறலாம். (இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று தலைகீழாகக் கணக்கிடுவதால், 105 என்பது நமக்குச் சுமார் 952.) கருத்தரிக்கும் கட்டத்தில் இரு பாலும் சம அளவிலேயே இருப்பதாக 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. முதல் வாரத்தில் ஆண் கருக்களும், அதன்பின் சில காலம் பெண் கருக்களும், பேறுகாலத்தை ஒட்டி மீண்டும் ஆண் கருக்களும் கூடுதலாக அழிகின்றன. கூட்டிக் கழித்தால் பெண் கருக்களின் இழப்பு சற்று மிகுதி என்பதால், பிறப்பில் ஆண்கள் சிறிதளவு முந்துகின்றனர்.

ஒரு சிற்றூரில் ஓராண்டில் பிறந்த நூறு குழந்தைகளைக் கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. தற்செயலாகவே விகிதம் (100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்பது) 80 ஆகவோ 140 ஆகவோ இருக்கலாம். பிறப்புகள் பல லட்சமாகும்போது தற்செயலின் பங்கு ஒரு புள்ளிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. ஆகவே, 1990இல் சுமார் 6.5 லட்சம் குழந்தைகள் பிறந்த தென் கொரியாவில் விகிதம் 116.5 என்று பதிவானபோது அதைத் தற்செயல் என்று ஒதுக்க வழியில்லை. விகிதம் இயல்பாக இருந்திருந்தால், பிறந்த அதே எண்ணிக்கை ஆண்களுக்கு ஈடாக அந்த ஓராண்டில் மேலும் முப்பதாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் பிறந்திருக்க வேண்டும்.

ஆண் பிள்ளை பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே போவதால்தான் ஆண்கள் மிகுகிறார்கள் என்று பலரும் எண்ணுவதுண்டு. அது தவறு. மகன் பிறந்ததும் ஒரு குடும்பம் நிறுத்திக்கொண்டாலும், நிறுத்தாத குடும்பத்தின் அடுத்த பிறப்பில் வாய்ப்பு அதே 105க்கு 100 தான். பெண்களுக்கு உடன்பிறந்தோர் கூடுவார்களே தவிர, நாட்டின் மொத்த விகிதம் நகராது. விகிதத்தை மாற்ற வேண்டுமானால் பிறப்புக்கு முன்பே பாலினத்தை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கொரியாவில் அதற்கு வழி திறந்தது 1980களில் பரவலான ஸ்கேன் கருவி.

கருவி மட்டுமே காரணமன்று. 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.5 ஆக இருந்த பிள்ளைப்பேறு 1990இல் 1.6க்கு அருகில் வந்துவிட்டது. நான்கைந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு மகனாவது இருப்பது ஏறக்குறைய உறுதி. இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்கு மகனே இருக்கமாட்டான். குடும்பத் தலைமை ஆண்வழியாகவே செல்லும் ‘ஹோஜு’ பதிவு முறை நிலவிய நாட்டில் அது பெருங்குறையாகக் கருதப்பட்டது. போதாததற்கு, ஆண்டுகளுக்கு விலங்குகளின் பெயரிடும் கிழக்காசிய மரபுப்படி 1990 வெள்ளைக் குதிரை ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண்கள் அடங்கமாட்டார்கள் என்றொரு நம்பிக்கையும் இருந்தது.

இந்தத் தேர்வின் தடயம் பிறப்பு வரிசையில் அப்பட்டமாகத் தெரிகிறது. முதல் குழந்தைகளிடையே விகிதம் 110ஐத் தொடவில்லை. மூன்றாம் குழந்தைகளிடையே 1990களின் தொடக்கத்தில் அது 200ஐ எட்டியது. முதல் பிரசவத்தை இயற்கையிடம் விட்டுவிட்டு, மகனில்லாதவர்கள் கடைசி வாய்ப்பில் தலையிட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு நாட்டின் மொத்த விகிதத்தைவிட இந்த வரிசைவாரிக் கணக்கே எனக்கு நம்பகமான சாட்சி.

கருவின் பாலினத்தை வெளியிடுவதற்குக் கொரியா 1987இலேயே தடை விதித்திருந்தது. உச்சம் வந்தது அதன் பிறகுதான். நகரமயமும், பெண்களின் கல்வியும் வேலைவாய்ப்பும், தளர்ந்துபோன ஆண்வழி மரபும் சட்டத்தைவிடக் கூடுதலாகச் சாதித்தன என்றே சொல்ல வேண்டும். 2005இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஹோஜு முறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2008இல் அம்முறை ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பிறப்பு விகிதம் 106 அளவுக்கு இறங்கியிருந்தது. மூன்றாம் குழந்தைகளின் விகிதம் இயல்புக்கு வர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. மகன் மீதான பற்று மங்கிவிட்டதைக் காரணம் காட்டி, 32 வாரங்களுக்கு முன் பாலினத்தைத் தெரிவிப்பதற்கு எஞ்சியிருந்த தடையையும் அதே நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் நீக்கியது.