ஏக்கருக்கு 160 கன்று: பசுமைப் போர்வை இயக்கம் தருவதும், நட்ட பிறகு தோப்பு கேட்பதும்

வேளாண்மை விரிவாக்க மையத்தில் மரக்கன்றுக்குப் பெயர் கொடுக்க வருபவர்களில் பலர் முதலில் கேட்பது, “ஏக்கருக்கு 160 தானா?” என்றுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தேக்கை ஆறடிக்கு ஆறடி நட்டால் ஒரு ஏக்கருக்கு 1,210 கன்று பிடிக்கும். அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு ‘தோப்பு போடு’ என்றால் அரசு கஞ்சத்தனம் செய்கிறதோ என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே அந்த 160 தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் கிடைப்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

திட்டத்தின் பெயர், வேளாண் நிலங்களில் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம். தமிழ்நாடு அரசின் வேளாண்மை - உழவர் நலத்துறை 2021-22இல் தொடங்கியது. வனத்துறை நாற்றங்கால்களில் வளர்த்த கன்றுகள் விவசாயிக்கு இலவசமாகக் கிடைக்கும். நடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வயலைச் சுற்றி வரப்பில் மட்டும் நட ஏக்கருக்கு 50 கன்று. வயலுக்குள்ளேயே, ஊடுபயிருக்கு இடம் விட்டுக் குறைந்த அடர்த்தியில் நட ஏக்கருக்கு 160 கன்று. நட்ட கன்று பிழைத்திருந்தால், இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை ஆண்டுக்குக் கன்று ஒன்றுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. ஆக மூன்று ஆண்டில் ஒரு கன்றுக்கு 21 ரூபாய்.

160 கன்றும் பிழைத்தால் ஏக்கருக்கு மொத்தம் 3,360 ரூபாய் வரும். வரப்பு நடவு என்றால் 1,050 ரூபாய். தண்ணீர் ஊற்றவும் களை கொத்தவும் ஆடு மாடு நுழையாமல் காக்கவும் ஆகும் கூலிக்கு ஒரு கைத்தாங்கல் என்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இந்தத் தொகைக்காக மரம் நடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

பதிவு செய்ய உழவன் செயலி இருக்கிறது. செல்பேசி பழக்கமில்லாதவர்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ உதவி வேளாண்மை அலுவலரிடமோ நேரில் போகலாம். ஆதார், சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கையோடு கொண்டுபோவது நல்லது. எந்த நாற்றங்காலில், எந்த நாளில், என்னென்ன கன்று என்பது ஒவ்வோர் ஆண்டும் மாறும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் குழி எடுத்து முடித்திருந்தால், கன்று வந்த அன்றே மண்ணுக்குள் போய்விடும். வீட்டு வாசலில் இரண்டு வாரம் பையோடு வாடிய கன்றை நட்டுவிட்டு நாற்றங்காலைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த 160. ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அதை 160ஆல் வகுத்தால் ஒரு மரத்துக்கு 25 சதுர மீட்டர், அதாவது ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். வனத்துறைத் தேக்குத் தோட்டங்களில் வழக்கமான தொடக்கம் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், எக்டருக்கு 2,500 கன்று. ஆனால் அந்த 2,500 கடைசி வரை நிற்பதில்லை. முதல் கலைப்பில், அதாவது நெருக்கம் குறைக்க மரங்களை வெட்டி எடுப்பதில், மூலைவாட்டாக ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்டிவிடுவார்கள், 1,250 மிஞ்சும். அடுத்த கலைப்பில் அதிலும் பாதி போய் 625 நிற்கும், ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 250. இடைவெளி இப்போது நான்கு மீட்டர். அதற்கு மேல் வரிசை பார்ப்பதில்லை. கோணல், நோஞ்சான், பூச்சி விழுந்தது என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்துக் கழிப்பார்கள். 1840களில் மலபார் கலெக்டர் கனோலி காலத்தில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியதிலிருந்து அந்த மரத்தோடு பழகியவர்கள் கற்ற பாடம் இது. பருத்தியிலும் எள்ளிலும் பயிர் கலைக்கத் தெரிந்த விவசாயிக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. வெட்ட மனம் வர வேண்டும், அதுதான் சிக்கல்.

மனம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நண்பரின் தோப்பில் டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுத் தேக்கு, ஆறடிக்கு ஆறடி, ஒரு மரம்கூட வெட்டாதது. உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் இருட்டு. தரையில் புல் இல்லை, சருகு மட்டும்தான். வண்டிப்பாதை ஓரத்தில் வெயிலைப் பார்த்து நின்ற மரத்தின் சுற்றளவு 33 அங்குலம். அங்கிருந்து நாலு வரிசை உள்ளே தள்ளி நின்றது 19 அங்குலம். ஒரே நாளில் ஒரே நாற்றங்காலில் வாங்கிய கன்றுகள். அண்ணாந்து பார்த்தால் உயரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

மரத்தின் வளர்ச்சியை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தோப்பின் உயரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மண்ணும் தண்ணீரும். நெருக்கி நட்டாலும் தள்ளி நட்டாலும் முன்னணி மரங்களின் உயரம் அதிகம் மாறாது. அதனால்தான் வனத்துறையின் விளைச்சல் அட்டவணைகள் இந்த வயதுக்கு இவ்வளவு உயரம் என்று வைத்தே நிலத்தைத் தரம் பிரிக்கின்றன. பருமன் அப்படியல்ல. கிளைவிரிப்புக்கு எவ்வளவு வெளிச்சம், வேருக்கு எவ்வளவு இடம் என்பதைப் பொறுத்துத்தான் அடிமரம் பெருக்கும். நெருக்கத்தில் நிற்கும் மரம் வெளிச்சத்துக்காக மேலே ஓடும், உடம்பு வைக்காது.

வியாபாரி வாங்குவதோ உடம்பை. மரச் சந்தையில் இன்னும் கால் சுற்றளவுக் கணக்குதான் வழக்கம். நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு அங்குலத்திலும் நீளம் அடியிலும் இருந்தால் 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். மேலே சொன்ன இரண்டு மரங்களிலும் பத்தடித் துண்டு எடுத்து, நடுச்சுற்றளவும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், 33 அங்குல மரம் ஏறக்குறைய 4.7 கன அடி தரும், 19 அங்குல மரம் ஏறக்குறைய 1.6 கன அடிதான் தரும். சுற்றளவில் இருமடங்குகூட வித்தியாசமில்லை, மரத்தில் மும்மடங்கு. பருத்த மரத்துக்குக் கன அடி விலையும் கூடுதல் என்பதைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் அகலும். (இந்தக் கணக்கு உண்மையான கன அளவில் நூற்றுக்கு 21க்கு மேல் குறைத்துக் காட்டும் என்பது வேறு கதை. விற்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை.)

அரசு தரும் 160, கலைத்து முடித்த தோப்பையே முதல் நாளில் கையில் கொடுப்பது போன்றது. நெருக்கடிக்குள் மரம் சிக்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை நடுவில் உளுந்தோ நிலக்கடலையோ எடுக்கலாம். இதற்கு விலையும் உண்டு. தள்ளி நிற்கும் மரம் பக்கக் கிளையை ஏராளமாக விடும். அடர்ந்த தோப்பில் நிழலே கீழ்க்கிளையைக் காயவைத்து உதிர்த்துவிடும், இங்கே அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. முதல் சில ஆண்டுகளில் கோடைக்கு முன் கவாத்து செய்யாவிட்டால் பலகையில் கணு கணுவாகக் கிடக்கும். அதற்காக உச்சியில் ஒரு கொத்து இலை மட்டும் விட்டு மொட்டையடிக்கவும் கூடாது. மொத்த உயரத்தில் கீழ்ப்பாதிக்கு மேல் கத்தி ஏறக்கூடாது. இன்னொன்று, 1,210இல் முந்நூறு பட்டுப்போனால் கலைத்தது போல ஆகிவிடும். 160இல் நாற்பது போனால் நிலத்தில் நாற்பது ஓட்டை. முதல் மழைக்காலம் முடிந்ததும் நடந்து எண்ணி, போன இடத்தில் மாற்றுக் கன்று வைத்துவிட வேண்டும். ஊக்கத்தொகையே உயிரோடிருக்கும் எண்ணிக்கைக்குத்தான்.

வரப்பு நடவில் இந்தக் கணக்கெல்லாம் சுருக்கம். சதுரமான ஒரு ஏக்கரின் சுற்று ஏறக்குறைய 835 அடி, 50 கன்றென்றால் ஏறக்குறைய பதினாறே முக்கால் அடிக்கு ஒன்று. மரங்களுக்குள் சண்டை வராது, மரத்துக்கும் நெல்லுக்கும்தான் வரும். சம்பாப் பருவத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே விழும். தெற்கு வரப்பில் நட்டால் உங்கள் நெல்லுக்கு நிழல், வடக்கு வரப்பில் நட்டால் பக்கத்து வயல்காரரின் நெல்லுக்கு. கன்று வாங்கப் போவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது, பிறகு பஞ்சாயத்துக்குப் போவதைவிட எளிது.

எந்த மரம் என்பதில் ஆசையைவிட மண்ணைக் கேட்பது நல்லது. தேக்குக்கு ஆழமான, நீர் வடியும் மண் வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் கட்டி நிற்கும் களியில் வைத்தால் இலை மஞ்சளாகி நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு நீர்மருது, நாவல், புங்கன் பொருந்தும். மலைவேம்பு வேகமாகப் பருக்கும், ஒட்டுப்பலகைக்குப் போகும். சந்தனம் வேரால் அடுத்த செடியைப் பற்றி வாழும் மரம், பக்கத்தில் துவரையோ சவுக்கோ துணைக்கு இருக்க வேண்டும். காவலும் வேண்டும்.

கடைசியாகக் காகிதம். நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, அவர் வைத்திருக்கும் பயிர்க் கணக்கான அடங்கலில் எண்ணிக்கையோடு பதிந்துகொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து வெட்டும்போது ‘இது உன் பட்டா மரம்தானா?’ என்ற கேள்விக்கு அதுதான் பதில். சந்தனம், செம்மரம் போன்றவற்றைச் சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது. வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றுவதற்கு 1968ஆம் ஆண்டின் தமிழ்நாடு வெட்டுமர வழிச்சீட்டு விதிகள் இருக்கின்றன. உங்கள் மரத்துக்கு வழிச்சீட்டு தேவையா என்பதைக் கோடாலி விழுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும், லாரி வந்து நின்ற பிறகல்ல. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் தனியாக உண்டு. அங்கே பட்டா மரத்துக்கும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி தேவை.

நான்காம் ஆண்டோடு அரசு எண்ணுவதை நிறுத்திவிடும். அளப்பது அதற்குப் பிறகு உங்கள் வேலை. பத்துப் பன்னிரண்டு மரங்களைத் தேர்ந்து, தரையிலிருந்து நாலரை அடியில் ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். வனத்துறை அளக்கும் மார்பளவு உயரம் 1.37 மீட்டர் என்பது அதுதான். சாய்வான நிலமென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்கு அந்தக் கோட்டில் டேப்பைச் சுற்றி நோட்டில் எழுதி வாருங்கள். நிலத்தில் ஈரம் குறையாத ஆண்டுகளிலும் இரண்டு பொங்கலாகச் சுற்றளவு முன்னைப்போல ஏறவில்லை என்றால், மேலே கிளைகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டன என்று அர்த்தம். எந்த மரத்தை எடுப்பது என்று அன்று தோப்புக்குள் நடந்து பார்த்துச் சுண்ணாம்பால் குறி வைக்கலாம்.