நோட்டுக்குக் கீழே 'சி, டி, இ' எழுதிக் கொடுக்காதீர்கள்

போன மாதம் என் வகுப்பில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சேர்ந்தாள், இரண்டு வருடம் வேறு இடத்தில் கீபோர்டு கற்றவள். ஒரு பாட்டை எங்கும் தடுக்காமல் வாசித்துக் காட்டினாள். புத்தகத்தை எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு நோட்டுக்கும், அதாவது ஸ்வரத்தைக் காட்டும் ஒவ்வொரு புள்ளிக் குறிக்கும், கீழே பென்சிலில் சி, டி, இ என்று அதன் பெயர் எழுத்து, அதற்கும் கீழே விரல் எண். அம்மா எழுதிக் கொடுத்தாராம். அதே பாட்டின் முதல் வரியை வெறும் நோட்டாக ஒரு தாளில் எழுதி வைத்தேன். கட்டை மேல் விரல் அப்படியே நின்றுவிட்டது.

தப்பு பிள்ளையுடையது இல்லை. எழுத்து இருந்தால் கண் எழுத்துக்குத்தான் போகும், நோட்டுகள் உட்கார்ந்திருக்கும் ஐந்து கோடும் அங்கே சும்மா கிடக்கும். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பின் பிராக்டிகல் கிரேடு தேர்வில் 150 மதிப்பெண்ணில் 21 சைட் ரீடிங்குக்கு, அதாவது பார்த்தவுடனே வாசிப்பதற்கு. முன்பின் பார்க்காத ஒரு தாளைக் கொடுத்து, பார்த்துக்கொள்ள அரை நிமிடம் தருவார்கள். அங்கே யார் எழுதிக் கொடுப்பது?

அந்தக் கோடுகள் எதற்கு வந்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில், அரெட்ஸோ ஊர் குய்டோ என்ற துறவி, தேவாலயத்தில் பாடும் சிறுவர்கள் கேட்டறியாத பாட்டையும் தாளைப் பார்த்தே பாட வேண்டும் என்று கோடு போட்டு எழுதும் முறையைக் கொண்டுவந்தார். எஃப் எங்கே என்று தெரிய அந்தக் கோட்டுக்குச் சிவப்பு, சி கோட்டுக்கு மஞ்சள். ஓர் இடம் தெரிந்தால் போதும், மற்றதை ஏறி இறங்கி எண்ணிக்கொள்ளலாம்.

நானும் அப்படித்தான் தொடங்குகிறேன். மூன்றே மூன்று இடம். வரியின் தொடக்கத்தில் வரும் குறிதான் கிளெஃப். உயர்ந்த ஸ்வரங்களுக்கான ட்ரெபிள் கிளெஃபின் சுழி சுற்றிக்கொண்டிருக்கும், கீழிருந்து இரண்டாவது கோடு ஜி. தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிக்கு நடுவில் ஓடும் கோடு எஃப். இரண்டுக்கும் இடையில் தனியாக ஒரு சின்னக் கோட்டில் உட்கார்ந்திருப்பது மிடில் சி, கீபோர்டின் நடுவில் உள்ள சி. மற்றதெல்லாம் தூரம்தான்: கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் அடுத்த வெள்ளைக் கட்டை, கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையைத் தாண்ட வேண்டும். கோடுகளின் பெயரை நினைவில் வைக்கச் சொல்லித்தரும் 'எவ்ரி குட் பாய்' என்ற வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக் கோட்டை எண்ணுவதைவிட இது எவ்வளவோ வேகம், ஏனென்றால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தாளம் போய்விடும்.

கர்நாடகப் பாட்டு வகுப்புக்கும் போகிற பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம் வரும். 'ஒரு கட்டை' சுருதியில் பாடினால் 'ச' இருப்பது சி-யில், 'ஐந்து கட்டை' சுருதியில் பாடினால் அதே 'ச' ஜி-யில். சுருதிக்கு ஏற்ப 'ச' நகரும், ட்ரெபிள் கிளெஃபில் அந்த இரண்டாவது கோடு மட்டும் எப்போதும் ஜி-தான். இதை முதல் வாரமே வாயால் பாடி, கட்டையில் தொட்டுக் காட்டிவிட்டால் அப்புறம் தடுமாற மாட்டார்கள்.

ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா, சரி, ஒரேயடியாக அழித்துவிடாதீர்கள், பிள்ளை பயந்துபோகும். ஒவ்வொரு பாரிலும், அதாவது இரண்டு குத்துக்கோட்டுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு பகுதியிலும், முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழியுங்கள். அடுத்த வாரம் வரிக்கு ஒன்று. தினமும் ஐந்து நிமிடம், இதுவரை வாசிக்காத நான்கு பார், எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போகட்டும், கையைப் பார்க்காமல் தாளைப் பார்த்து. அந்தச் சிறுமிக்கு இப்போது வரிக்கு ஓர் எழுத்துதான் இருக்கிறது. நேற்று ஒரு நோட்டைத் தப்பாக அடித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "இல்ல மிஸ், இது கோட்டுல இருக்கு" என்று தானே திருத்திக்கொண்டாள்.