விட்ட மீன் பிழைத்ததா?

காலை ஆறேகாலுக்கு ஓடைத் தண்ணீரில் வெப்பமானியை வைத்தேன். 11 டிகிரி. நூல் கட்டிய சின்னக் குழாய் அது. தூண்டில் பையில் நான் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். கூட வந்த தம்பி லூர் என்கிற செயற்கை இரையைப் போட்டு மீன் பிடிக்கப் பழகி ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் ராடை, அதாவது தூண்டில் கோலை, மாட்டி, தூண்டில் நரம்பு கோத்துத் தயாராக நின்றான். "இப்பவே பாக்கணுமா அண்ணா? தண்ணி ஜில்லுன்னுதானே இருக்கு" என்றான். இப்போதைய அளவு தெரிந்தால்தான் மதியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும் என்றேன்.

குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீன்களைக் கணக்கெடுப்பது என் வேலை. தண்ணீரில் அளவான மின்சாரம் பாய்ச்சி, மயங்கி வரும் மீன்களை வலையில் ஏந்தி, நீளமும் எடையும் குறித்துக்கொண்டு, தெளிந்ததும் திரும்ப விடுவோம். வேலை இல்லாத நாளில் இதே மாதிரி ஓடைகளில் நானும் தூண்டில் போடுகிறேன். முழங்கால் ஆழத் தண்ணீரில், கண்ணெதிரே, ஒரு பிரவுன் ட்ரவுட் பாறை மறைவிலிருந்து பாய்ந்து வந்து லூரைக் கவ்வும் அந்த நொடிக்காக எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்திருப்பேன். ஆனால் கணக்கெடுப்பில் பார்த்த சில மீன்கள் நான் தூண்டில் போடும் விதத்தையே மாற்றிவிட்டன. மேல்தாடை கிழிந்து கோணலாக ஆறிப்போன மீன். ஒரு கண் இல்லாத மீன். முதுகில் ஒரு கை பிடிக்கும் அகலத்துக்குப் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூஞ்சை படர்ந்த மீன். பிடித்தால் திரும்ப விட்டே ஆகவேண்டும் என்று விதி இருக்கும் பகுதிகளில்தான் இவற்றை அதிகம் பார்த்திருக்கிறேன். அதாவது, யாரோ நல்ல மனதோடு விட்ட மீன்கள். மீன் வாலை ஆட்டிக்கொண்டு மறைவதோடு நமக்கு அந்தக் கதை முடிந்துவிடுகிறது. மீனுக்கு அது அடுத்த பல மணி நேரம், சில சமயம் பல நாள், ஓடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா ஓடையிலும் ட்ரவுட்டைத் திரும்ப விடவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பிரவுன் ட்ரவுட்டின் சொந்த இடம் ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் வட ஆப்பிரிக்காவின் சில பகுதிகளும்தான். 1864-ல் முட்டைகளைப் பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்து கப்பலில் டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் உலகமெங்கும் பரவியது. போன இடங்கள் பலவற்றில் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்திருக்கிறது. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. அதனால் எந்த ஓடையில் எதை விடுவது, எதை எடுப்பது என்பதை அங்கங்கே உள்ள விதி சொல்லும். எடுப்பதென்றால் தலையில் ஓங்கி ஒரே அடியில் கொன்றுவிடுங்கள். கரையில் துடிக்க விடாதீர்கள். விடுவது என்று முடிவு செய்த மீனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அன்று போன ஓடை அகலமான இடத்திலேயே நாலு மீட்டர் இருக்காது. இவ்வளவு சின்னத் தண்ணீரில் பெரிய மீன் மிகக் குறைவு. நல்ல மடு ஒன்றுக்கு நல்ல மீன் ஒன்று என்று சொல்லலாம். மறைவும் ஓட்டமும் சேர்ந்த இடத்தைப் பெரியது பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் துரத்திவிடும். அந்த ஒன்று செத்தால் அந்த மடு சில காலத்துக்கு வெறிச்சோடும். பெரிய ஆற்றில் கவனிக்காமல் விட்டுவிடும் சின்னத் தவறு இங்கே கணக்கில் தெரிகிறது.

ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். அதனால் நாங்கள் கீழிருந்து மேல்நோக்கி நடந்தோம், அதன் முதுகுப் பக்கமாக. தண்ணீருக்குள்ளிருந்து மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஏறக்குறைய 97 டிகிரி விரிந்த வட்டச் சன்னல் வழியாகத்தான் தெரியும். நீர்மட்டத்தை ஒட்டித் தாழ இருப்பது எதுவும் அந்தச் சன்னலின் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். குனிந்து போவதற்கும், மண்டியிட்டுத் தூண்டில் வீசுவதற்கும் அதுதான் காரணம். காலடி அதிர்வு வேறு. கூழாங்கல் ஒன்று உருண்டால் போதும், விலாவில் ஓடும் உணர்கோடு அதைப் பிடித்துவிடும். தம்பி முதல் இரண்டு மடுக்களையும் நிமிர்ந்து நடந்தே இழந்தான். மூன்றாவதில் தானாகவே முட்டி போட்டான்.

தம்பி கட்டியிருந்தது மூன்று கிராம் ஸ்பின்னர், இழுத்தால் தகடு சுழலும் லூர். மடுவின் தலைப்பில், வெண்ணுரை முடியும் இடத்தில் போட்டு, ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் தகடு சுழலாமல் லூர் சருகுபோல மிதந்து வரும். ரொம்ப வேகமாகச் சுற்றினால் மீனின் பார்வையில் நிற்காது. ஓர் இடத்தில் முதல் வீச்சுதான் மதிப்புள்ளது. இரண்டு மூன்று வீச்சுக்குள் ஒன்றும் வரவில்லையென்றால் நகர்ந்துவிடலாம். அன்று முதல் வீச்சிலேயே, கரை குடைந்த இருட்டிலிருந்து மஞ்சளாக ஒன்று புரண்டது.

மீன் கரைக்கு வருவதற்குள் தூண்டில் முள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் காரியம் முந்தின இரவே மேசைமேல் முடிந்துவிடுகிறது. கடையில் வாங்கும் ஐந்து சென்டிமீட்டர் மின்னோ லூரில், அதாவது சின்ன மீன் வடிவ லூரில், பெரும்பாலும் மூன்று முனை கொண்ட மும்முள் இரண்டு தொங்கும். மொத்தம் ஆறு முனை. மீன் ஒன்றைத்தான் கவ்வுகிறது. மிச்சமுள்ளவை அது தலையை உதறும்போது கண்ணிலோ செவுளிலோ போய் மாட்டுகின்றன. நான் பார்த்த ஒற்றைக் கண் மீன்களுக்கு இதுதான் காரணமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். மின்னோவின் மும்முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள். எடை மாறினால் லூரின் நீச்சல் கெட்டுவிடும். அதனால் பழைய முள்ளின் எடைக்கு அருகில் வருகிற மாதிரி சற்றுப் பெரிய ஒற்றை முள்ளாகத் தேர்ந்தெடுத்து, வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். முள் கம்பியோடு பிணைந்திருக்கும் ஸ்பின்னரில் கழற்ற முடியாது. மூன்றில் இரண்டு முனைகளை வெட்டுக்குறடால் வெட்டிவிடலாம். அப்புறம் முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள். அதைக் குறடால் நசுக்கி, துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூலைப் பிடிக்காமல் வெளியே வந்தால் சரியாக நசுங்கியிருக்கிறது.

"மீன் நழுவிடாதா அண்ணா?" நழுவும், சில. நரம்பைத் தளரவிடாமல் வைத்திருந்தால் அவ்வளவு நழுவாது. எதிர்முள் இல்லாத முள் நம் விரலில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வரும். எதிர்முள்ளோடு கண்ணருகில் குத்தினால் நீங்களாக இழுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கிளையில் சிக்கிய லூரைச் சுண்டி இழுக்கும்போது அது முகத்துக்கே திரும்பி வரும். கண்ணாடி இல்லாமல் ஓடையில் இறங்காதீர்கள்.

சரி, மீனுக்கு வருவோம். முப்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். தம்பியின் முதல் உருப்படியான ட்ரவுட். ரப்பர் வலையில் ஏந்தி, வலையைத் தண்ணீரிலேயே வைத்திரு என்றேன். அவன் கை உடனே போனுக்குப் போனது. மீனைத் தூக்கிப் பிடித்து ஒரு படம். எனக்கு அந்த ஆசை புரிகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

பல வருடங்களுக்கு முன், இந்த வேலைக்கு வந்த புதிதில், இதைவிடப் பெரிய மீன் ஒன்றைப் பிடித்தேன். வெளிச்சம் சரியில்லை என்று இடம் மாறி நின்று படமெடுத்தேன். ஒன்றரை நிமிடம் இருக்கும். விட்டபோது நீந்திப் போனது. மறுநாள் காலை அதே மடுவின் கடைவாயில், தண்ணீர் வெளியேறும் முனையில், சரளையில் பக்கவாட்டில் கிடந்தது. வால் துடுப்பில் இருந்த பழைய வெட்டை வைத்து அதே மீன்தான் என்று அடையாளம் கண்டேன். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

அப்புறம்தான் 1992-ல் வெளியான ஒரு பரிசோதனையைத் தேடிப் படித்தேன். ரெயின்போ ட்ரவுட் மீன்களைத் துரத்திக் களைப்பின் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். காற்றில் எடுக்காமல் விட்டவற்றில் 12 மணி நேரம் கழித்து 88 சதவீதம் உயிரோடு இருந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 28 சதவீதம். அது தொட்டியில் முழுக்கக் களைப்பாக்கப்பட்ட மீன். ஓடையில் ஒரு நிமிடத்தில் கரைக்கு வந்துவிடும் மீன் அவ்வளவு மோசமான நிலையில் இருக்காது. ஆனாலும் காரணம் ஒன்றுதான். செவுளின் மெல்லிய இழைகள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். காற்றில் ஈரத்தாள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முழு வேகத்தில் ஓடி முடித்தவரின் வாயையும் மூக்கையும் பொத்தினால் எப்படியோ அப்படி. அதனால் லேசான நரம்பில் நெடுநேரம் விளையாட்டுக் காட்டுவதும் தவறு. நான்கு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு கட்டிச் சீக்கிரம் கொண்டுவந்துவிடுகிறேன்.

தம்பியிடம், மீன் வலைக்குள் தண்ணீரிலேயே இருக்கட்டும், மேலிருந்து எடு என்றேன். படம் நன்றாகவே வந்தது. தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டுவதற்குள் மீன் தண்ணீருக்குள் போயிருக்கவேண்டும். கையை நனைத்த பிறகே தொடவேண்டும். உடம்பின் மேலுள்ள வழவழப்புப் படலம்தான் பூஞ்சைக்கும் கிருமிக்கும் எதிரான முதல் காப்பு. உலர்ந்த கையும் முடிச்சுப் போட்ட நூல்வலையும் சூடேறிய கல்லும் அதை உரித்துவிடும். நான் சொன்ன அந்த வெள்ளைப் பூஞ்சை இப்படித்தான் தொடங்குகிறது. வயிற்றை அழுத்தக்கூடாது, செவுளுக்குள் விரல் போகக்கூடாது. முள்ளைக் குறடால் பிடித்துத் திருகினால் தானே வரும். விடும்போது முகம் ஓட்டத்தைப் பார்க்கும்படி மெதுவான தண்ணீரில் தாங்கிப் பிடித்தால் போதும். முன்னும் பின்னும் ஆட்டுகிறார்களே, அது வேண்டாம். பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளில் தவறான திசையில் போகிறது.

மேலே போகப் போக மடுக்களின் கடைவாயில் சுத்தமான சரளை வந்தது. கோடையில் அதில் நடக்கலாம். இலையுதிர்காலக் கடைசியிலிருந்து நடக்காதீர்கள். பெண் மீன் வாலால் சரளையைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். சுற்றிலும் பாசி படிந்த பழுப்புக்கு நடுவே புதிதாகக் கழுவியதுபோல வெளிறிய ஒரு திட்டு தெரியும். தண்ணீர் 5 டிகிரியில் இருந்தால் பொரிக்கவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். பொரித்த குஞ்சுகள் இன்னும் பல வாரம் கல்லிடுக்கிலேயே இருக்கும். அத்தனை நாளும் ஒரு பூட்ஸ் கால் பட்டால் போதும், உள்ளே இருப்பது நசுங்கிவிடும். பூட்ஸ் என்றதும் இன்னொன்று: ஓர் ஓடையில் நனைந்ததைத் தேய்த்துக் கழுவி முழுக்க உலர்த்தாமல் அடுத்த ஓடையில் இறங்காதீர்கள். நோயும் அயல் பாசியும் அந்த ஈரத்தில்தான் பயணம் செய்கின்றன.

பத்து மணிக்குத் தண்ணீர் 14 டிகிரி. ட்ரவுட்டுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. அடுத்தடுத்து நாலு மீன் வந்தது. பன்னிரண்டுக்கு 17. மரநிழல் இல்லாத ஒரு புல்வெளிப் பகுதியைக் கடந்ததும், ஒன்றரை மணிக்கு 19.5. சின்ன ஓடை ஆழமில்லாததால் இப்படி ஒரே பகலில் எகிறிவிடும். சூடாக ஆக, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தாங்கும் தண்ணீர் 20 டிகிரியில் 9 அளவுக்குத்தான் தாங்கும். அதே நேரத்தில் மீனின் உடம்போ இன்னும் அதிகமாகக் கேட்கிறது. 25 டிகிரியை நெருங்கினால் யாரும் தொடாமலேயே பிரவுன் ட்ரவுட் நெடுநாள் தாங்காது. 19 தாண்டினால் நான் ராடை மடக்கிவிடுவேன். அந்தச் சூட்டில் போராடிய மீன், கை நனைத்து, முள் மாற்றி, காற்றில் எடுக்காமல் விட்டாலும் தேறுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தம்பிக்கு மனம் வரவில்லை. அவன் கை அப்போதுதான் பழகியிருந்தது.

திரும்பும் வழியில் ஒரு வளைவில் அவன் என் தோளைத் தொட்டுக் காட்டினான். எதிர்க்கரையில் மண் கசிந்து ஒரு சின்ன ஊற்று ஓடையில் சேரும் இடம். அதன் வாயில், ஒரு சாப்பாட்டு மேசை அளவு இடத்தில், ஏழு மீன்கள் அருகருகே நின்றன. சாதாரணமாக ஒன்றையொன்று விரட்டும் மீன்கள். அதில் ஒன்று நாற்பது சென்டிமீட்டருக்குக் குறையாது. ஒரு வீச்சு தூரம்தான். அவன் ராடு இன்னும் கையில், லூர் இன்னும் கட்டியபடி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் கீழே தள்ளி ஓடையின் நடுவில் பிடித்துப் பார்த்தான். 20. அப்புறம் மேட்டைச் சுற்றிப் போய், மீன்களுக்கு நிழல் படாமல் படுத்தபடி, ஊற்று கசியும் இடத்தில் கையை நீட்டி வைத்தான். 12.

"இதுக்குத்தான் இங்க வந்து நிக்குதுங்களா?"

ஆமாம் என்றேன். அங்கிருந்து விரட்டினால் இந்தப் பகலில் அவற்றுக்குப் போக வேறு இடமில்லை. அவன் லூரைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினான். ஓடையைக் கடக்க அதுதான் வசதியான இடம். ஆனாலும் இருநூறு மீட்டர் கீழே நடந்து போய்க் கடந்தோம்.