சுண்டிக்குளத்தில் கூரை மாற்ற மரம்: எந்த அனுமதி, யாரிடம்?

தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பார்வையாளர் கட்டடத்தின் கூரை உக்கிப்போனால், பக்கத்தில் விழுந்து கிடக்கிற பனையை அறுத்துக் கூரையைத் தாங்கும் வளை போடலாமா? முடியாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பூங்காவுக்குள் மரம் வெட்டுவது மட்டுமல்ல, எடுத்துச் செல்வதும் குற்றம். இலங்கையின் வடக்கே உள்ள சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம். 2015இல் தேசியப் பூங்காவானது. நெடுந்தீவுப் பூங்காவும் அதே ஆண்டில் வந்ததுதான். ஆகவே இரண்டு இடத்துக்கும் ஒரே சட்டம்.

பூங்காவுக்குள் உள்ள கட்டடத்தைத் திருத்துவது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. ஊர்ச் சங்கம் நல்ல மனதோடு பலகை கொண்டுபோனாலும் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் ஆணி அடிக்க முடியாது.

பூங்காவுக்கு வெளியே விடுதி வைத்திருப்பவர்கள்தான் அதிகம் ஏமாந்து போகிறார்கள். எல்லையிலிருந்து ஒரு மைல், அதாவது சுமார் 1.6 கிலோமீற்றருக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும். காணி சொந்தம், உறுதியும் கையில் இருக்கிறது என்பது இதற்குப் பதிலாகாது. கடலோரத்தில் இன்னொன்றும் சேரும்: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டட வேலைக்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் பேமிற்றும் எடுக்க வேண்டும். பழைய சிலாகையை மாற்றுவது வெறும் பழுதுபார்ப்புத்தானே என்று நினைப்பீர்கள். இருக்கலாம், ஆனால் விறாந்தையை நான்கு அடி நீட்டினால் அது புதுக் கட்டடம். எதற்கும் வேலை தொடங்கும் முன் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்திருங்கள்.

சரி, மரம் எங்கே வாங்குவது? ஆகச் சுலபமான வழி அரச மரக் கூட்டுத்தாபனம். பற்றுச்சீட்டிலேயே மரம் வந்த வழி தெரியும். தனியார் மரக்காலையில் வாங்கினால் பற்றுச்சீட்டோடு, மரத்தை வீதியில் ஏற்றிச் செல்வதற்கான வழி அனுமதிப்பத்திரத்தையும் கேளுங்கள். சில இனங்களுக்கு அது தேவையில்லை. உங்கள் மரம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வட்டார வன அலுவலகத்தில் கேட்டால் தெரியும்.

பனைக்குக் கதை வேறு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலாவோடு பெண்பனையையும் காக்கிறது. வைரம் கூடியது பெண்பனைதான் என்று தச்சர்கள் சொல்வார்கள். வளைக்கு எல்லோரும் தேடுவதும் அதைத்தான், சட்டம் தடுப்பதும் அதைத்தான். சொந்த வளவில் நின்றாலும் முதலில் கிராம அலுவலர், பிறகு பிரதேச செயலகம். பனை அபிவிருத்திச் சபையையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்தில் சூழலுக்கு ஏற்ற மரம் ஏற்கெனவே ஒருமுறை வெட்டப்பட்ட மரம்தான். பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பனை வளைகளில் பலவற்றுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் வழிச் சோதனையில் பேச்சு குறையும். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணி கறள் பிடித்து மரத்தையும் கெடுக்கும் என்பதால் துருப்பிடிக்காத போல்ட்டுக்குச் செலவழியுங்கள். தூணை மண்ணில் புதைக்காமல் கொங்கிறீற் கட்டையில் நிறுத்தினால் கறையான் ஏறும்போதே கண்ணில் படும்.

அனுமதி கேட்கும் ஒழுங்கும் முக்கியம். வனசீவராசிகள், அப்புறம் கரையோரம், கடைசியில்தான் மரம். வழி அனுமதிப்பத்திரத்தில் நாள் குறிக்கப்பட்டிருக்கும். மரத்தை முதலில் ஏற்பாடு செய்துவிட்டு மற்ற அனுமதிகளுக்குக் காத்திருந்தால் அந்த நாள் கடந்துவிடும்.